நோட்டில் ஒட்டிய காபிக்கொட்டை

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பொன்ராணி காபிக்கொட்டை வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள ஒரே ஒருவர் வந்தார். பெயர் தவசிமுத்து. எட்டாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு நடத்தியவர், முட்டி போடவும் வைத்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டில் தனியாக உட்கார முடியாமல் வந்துவிட்டார்.

"இப்ப நான் உங்களை முட்டி போட வைக்கலாமா சார்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"முட்டி தேஞ்சு போச்சும்மா. வேற தண்டனை கொடு" என்றார்.

நாலு மாதம் வறுக்கும் உருளையைச் சுற்ற வைத்தாள். பதம் பார்த்துக் கொட்டையை நெருப்பிலிருந்து இறக்கும் வேலையை மட்டும் தரவில்லை.

அன்றைக்குச் சிரிப்பு எதுவும் இல்லை. பதினொரு மணி பஸ்ஸில் அவருடைய மகள் எழிலரசி வருகிறாள். பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று, தெருவே கேட்கக் கத்தி அவளை வீட்டை விட்டு அனுப்பியவர் அவர். நாலு வருடமாகப் பேச்சு இல்லை. இப்போது ஒரு வேலைக்கு அவளுக்குச் சான்றிதழ்கள் வேண்டும். 'வீட்டுக்கு வர மாட்டேன், கடையில் வைத்துக் கொடுங்கள்' என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

தவசிமுத்து காலையிலேயே வந்துவிட்டார். ஒரு கையில் சான்றிதழ் உறை. மறு கையில் நோட்டு.

"நோட்டு எதுக்கு சார்?"

"ஏழு கேள்வி எழுதி வச்சிருக்கேன். அவ பதில் சொல்லியே ஆகணும்."

"பரீட்சை வைக்கிறீங்களா?"

"எப்படி வேணா சொல்லிக்க."

"ரெண்டாவது கேள்வியிலேயே எந்திரிச்சுப் போயிருவா. அப்புறம் வர மாட்டா."

"போகட்டும்! கேக்காம விட்டா என் நெஞ்சு..."

"மெல்ல சார். பாப்பா தூங்குறா."

தூளியில் பொன்ராணியின் ஏழு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் குரலை அடக்கிக்கொண்டார். கழுத்து நரம்பு மட்டும் புடைத்தபடியே இருந்தது.

"இன்னைக்கு நானே வறுத்து நானே இறக்குறேன். என் கையால அவளுக்கு ஒரு டம்ளர் காபி கொடுக்கணும்."

"கொடுத்துட்டுக் கேப்பீங்களா, கேட்டுட்டுக் கொடுப்பீங்களா?"

அவர் உருளைப் பக்கம் போனார். பொன்ராணி எழுந்து இடம் விட்டாள்.

பச்சைக்கொட்டை இரண்டு படி இருந்தது. ஒரு படியை உருளையில் போட்டுச் சுற்றினார். முதலில் ஈர வைக்கோல் வாசனை வந்தது. பிறகு ரொட்டி சுடுகிற வாசனை. பிறகு உருளைக்குள் படபடவென்று வெடிக்கும் சத்தம்.

தவசிமுத்து நோட்டைப் பிரித்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வறுத்த கொட்டையைப் பசைநாடாவால் ஒட்டி வைத்திருந்தார். பொன்ராணி வறுத்ததிலேயே நல்லதாகப் பொறுக்கி எடுத்தது. நீளக் கரண்டியால் உருளையிலிருந்து நாலு கொட்டையை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னும் வெளுப்பு. மறுபடி எடுத்தார். இன்னும் கொஞ்சம். மூன்றாம் தடவை, இம்மியும் மாறாமல் அதே நிறம்.

தட்டில் கொட்டினார்.

"நூத்துக்கு நூறு!" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாட்டிக்கொண்டு பார்த்தபோது தட்டில் புகை எழுந்தது. குவியல் கறுத்து, எண்ணெய் மினுங்கியது. கருகின வாடை.

"அதே நிறத்துலதானே இறக்கினேன்? நீயும் பார்த்தியே!"

"நோட்டுல இருக்கிறது எப்ப வறுத்தது சார்?"

"போன மாசம்."

"அது ஆறின கொட்டை. அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அடுப்புல இருக்கிறதுக்கு மார்க் போட்டா எப்படி?"

"நெருப்பை விட்டுத்தான் எடுத்துட்டேனே!"

"நீங்க எடுத்தீங்க. அது கொண்டுவந்த சூட்டை என்ன செஞ்சீங்க?"

மணி பத்தே முக்கால். மிச்சம் ஒரு படிதான். அவர் அதை உருளையில் போட்டார். பொன்ராணி நோட்டை எடுத்து மூடி அலமாரியில் வைத்தாள்.

"அது இல்லாம எப்ப இறக்குறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் குனிந்து தூளியை ஆட்டினாள்.

கொட்டை வெடிக்க ஆரம்பித்தது. வெடித்து ஓய்ந்தது. தெரு முக்கில் பஸ் ஹாரன் கேட்டது.

"இப்ப" என்றாள்.

"நிறமே வரலையே."

"இப்ப சார்."

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா!"

"இன்னும் கொஞ்சம் இருக்கிறப்பதான் இறக்கணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டினார். தட்டில் விழுந்தது வெளுத்துத்தான் கிடந்தது. அவர் நிமிர்ந்தார். வாசலில் எழிலரசி நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை. தோளில் பை.

உறையை நீட்டினார். வாங்கி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு" என்றாள். பிறகு, பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே, "கேக்க வேண்டியது ஏதாவது இருந்தா கேட்டுருங்க. பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் போறேன்" என்றாள்.

அவர் கண் அலமாரிக்குப் போனது. நோட்டு இல்லாமலே ஏழும் அவருக்கு மனப்பாடம்.

"பொன்ராணி, ஒண்ணே ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கவா?" என்றார், அடிக்குரலில்.

பொன்ராணி பனைவிசிறியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"முதல்ல விசிறுங்க சார்."

அவர் மகளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். விசிற ஆரம்பித்தார். உமி பறந்தது. வெளுத்துக் கிடந்த கொட்டை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறி, அந்த நிறத்திலேயே நின்றது.

எழிலரசி பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"இது ஆற எவ்வளவு நேரம் ஆகும்க்கா?"

"கொட்டை பத்து நிமிஷத்துல ஆறிரும்" என்றாள் பொன்ராணி. "நீ உக்காரு."

தவசிமுத்து அலமாரிப் பக்கம் பார்க்கவில்லை. விசிறிக்கொண்டே இருந்தார்.