மூன்று முத்திரைப் பரிசல்

ஆற்று முதலைகள் பல் துலக்கிய காலம் அது, கேளுங்கள். கொடுங்குன்றன் என்றொரு அரசன் பரிசல் பட்டறை வைத்திருந்தான். அங்கே தோல் தைப்பவள் சிலம்பாயி.

பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பரிசலில் எவர் குறை சொல்கிறாரோ, அவரே அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அன்று முழுதும் நடமாட வேண்டும். "ஏ ஆமை, முட்டை எங்கே போட்டாய்?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். சிலம்பாயி ஒருமுறை ஆமையானாள். அதன்பின் தோலோடு வாயையும் சேர்த்துத் தைத்துக்கொண்டாள்.

ஒருநாள் கத்தரிக்காய் ஏற்றிய பரிசல் மூழ்கியது. அரசன் ஒரு மேற்பார்வையாளரை வைத்தான். அவர் ஒவ்வொரு பரிசலையும் தடவிப் பார்த்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 'நன்று' என்று முத்திரை சுட்டார். தோல் பொசுங்கி ஓட்டை விழுந்தது. எவரும் மூச்சு விடவில்லை.

ஆடுகள் ஏறிய பரிசல் மூழ்கியது. இரண்டாமவர் வந்தார். 'மிக நன்று.' இரண்டாம் ஓட்டை.

மேளக்காரர்கள் ஏறிய பரிசலும் மூழ்கியது. மூன்றாமவர் வந்தார். 'மிக மிக நன்று.' மூன்றாம் ஓட்டை.

பிறகு அரசனுக்குக் கலியாணம் கூடியது. பெண் அக்கரையில். போக மூன்று முத்திரைப் பரிசல் ஒன்றை எடுத்து வைத்தார்கள். அரசனுக்கு நீந்தத் தெரியாது. துடுப்புப் போடச் சொன்னது சிலம்பாயியை. அவளுக்கும் நீந்தத் தெரியாது.

"ஐயா, இதிலே ஓட்டை..." என்று முனகினாள்.

"ஆமையாக ஆசையா, அம்மா?" என்றார் மூன்றாமவர்.

ஆற்றோடு போவதைவிட ஆமையாவது மேல் என்று பட்டது அவளுக்கு. பரிசலைத் தானே தலையில் கவிழ்த்துக்கொண்டு, உச்சி வெயிலில் அரசன் முன் போய் நின்றாள். கூட்டம் சிரித்தது.

"உன் முகத்தில் என்னடி மூன்று வெளிச்சப் பொட்டு?"

"முத்திரைங்க, மகாராஜா."

அரசன் பரிசலை வாங்கித் தானே தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஓர் ஓட்டை வழியே மேலே ஒரு விரல் எட்டிப் பார்த்தது.

"இது எந்த நன்று?"

"மிக மிக நன்றுங்க."

அன்றே மூவரிடமும் இரும்பைப் பிடுங்கி ஊசியைக் கொடுத்தான் அரசன். ஓட்டைகள் அடைபட்டன, கலியாணம் நடந்தது. குறை கண்டு சொல்பவருக்கே முதல் பாயசம் என்று புது வழக்கம் வந்தது. மாலைக்குள் பரிசலில் ஏழு குறை, துடுப்பில் நான்கு, அரசன் மீசையில் ஒன்று. இடப்பக்கம் நீளமாம். நறுக்கிக்கொண்டு, சிலம்பாயிக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றச் சொன்னான்.

குறை சொன்னவரை ஆமையாக்கும் இடத்தில், எத்தனை முத்திரை குத்தினாலும் ஓட்டைதான் பெருகும்.