நாற்பத்தோராவது விநாடி

“பதினேழு தடவை வெட்டியாச்சு மேடம். இன்னும் எதைத்தான் வெட்டச் சொல்றீங்க? என் கழுத்தையா?” என்றார் தாமோதரன்.

சாலிகிராமத்தில் ஒரு மாடியறை. தாமோதரனுக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய குரு மங்கையற்கரசி அம்மணிக்கு முப்பத்து நான்கு.

சினிமா ட்ரெய்லர் வெட்டுவதில் அம்மணி கில்லாடி. எடுக்கவே எடுக்காத ஒரு படத்துக்கு அவர் ட்ரெய்லர் வெட்ட, ஜனம் தியேட்டரை முற்றுகையிட, தயாரிப்பாளர் பயந்துபோய் ஒன்பதே நாளில் படத்தை எடுத்து முடித்தார். நம்பாதவர்கள் எழுந்து போகலாம்.

இப்போது கையிலிருக்கும் படத்தின் ட்ரெய்லர் ஐந்து மணிக்குள் தயாரிப்பாளருக்குப் போகாவிட்டால் வேலை வேறொருவருக்கு. தாமோதரனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. மணி நாலே முக்கால்.

அம்மணி வாட்ச்மேன் கலியபெருமாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பதினேழாவது ட்ரெய்லரை ஓடவிட்டார்.

இரண்டரை நிமிடம். மகளைத் தொலைத்த அப்பா இருபது வருஷம் தேடி, ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். மகள் திறக்கிறாள். கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வில்லன்கூட மன்னிப்புக் கேட்டுவிடுகிறான்.

கலியபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அருமையான படம் சார். வரேன்.”

“யோவ், இது ட்ரெய்லர்யா! படம் வெள்ளிக்கிழமைதான் வருது!”

“அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே. வெள்ளிக்கிழமை எதுக்கு சார்?”

போய்விட்டார்.

தாமோதரன் தலையில் அடித்துக்கொண்டார். “கதையைக் காட்டலேன்னா எவன் மேடம் தியேட்டருக்கு வருவான்?”

அந்த நேரம் எதிர்க்கடை ரஞ்சிதம் பஜ்ஜித் தட்டோடு வந்தாள். அம்மணி அவளை நிறுத்தி, அதே ட்ரெய்லரை மறுபடி ஓடவிட்டார்.

அப்பா கதவைத் தட்டினார். உள்ளே மகளின் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

நாற்பத்தோராவது விநாடி. அம்மணி பட்டனைத் தட்டினார். திரை நின்றது.

“அடக் கடவுளே! தெறந்தாளா இல்லையா?” என்றாள் ரஞ்சிதம்.

அம்மணி மிச்சம் இருந்ததை அப்படியே அழித்தார்.

“ஐயையோ, ஒரு மாச உழைப்பு மேடம்!” என்று அலறினார் தாமோதரன்.

“அம்மா, கடையில எண்ணெய் காயுது. சொல்லித் தொலைங்க!”

அம்மணி அந்த நாற்பத்தொரு விநாடியைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினார். மணி நாலு ஐம்பத்தெட்டு.

எதிர்க்கடையிலிருந்து புகை கிளம்பியது. ரஞ்சிதம் நகரவில்லை. தாமோதரன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே!”

தாமோதரனுக்குப் பாவமாக இருந்தது. வாயைத் திறந்தார்.

அம்மணி அதில் ஒரு பஜ்ஜியைத் திணித்தார்.