வாய் திறந்த தண்ணீர்

முன்னொரு காலத்தில், மேட்டில் கோட்டையும் பள்ளத்தில் சாயக்காரத் தெருவுமாக இருந்த ஓர் ஊரை ஆண்ட மன்னருக்கு, ஒரு நாள் தூங்கி எழும்போதே ஓர் ஆசை முளைத்தது. கோட்டைக்குள் எங்கே நடந்தாலும் தம் பாதத்தில் ஒரு பொட்டு மண்கூட ஒட்டக் கூடாது.

மன்னர் நினைத்தால் நடக்காமல் இருக்குமா? பாறைகளைப் பிளந்து வண்டி வண்டியாகக் கல் கொண்டுவந்தார்கள். முற்றம், தேர் நிற்கும் வெளி, யானைக் கொட்டடி, எல்லாம் கருங்கல் பாவி முடித்தார்கள். அரண்மனை பளபளத்தால் தலைமை அமைச்சரான பிரதானி சும்மா இருப்பாரா? பிரதானி சேந்தராயர் தம் மாளிகைத் தோட்டத்தை அழித்துக் கல் பாவினார். அவரைப் பார்த்து வணிகர்கள் பண்டகசாலை வெளியைப் பாவினார்கள். நடுவில் கிடந்த இரண்டு குட்டைகளைத் தூர்த்து அவற்றின் மேலும் கல்லைப் போட்டார்கள். மேட்டில் மண்ணாக மிஞ்சியது அரண்மனைக்கு வடக்கே இருந்த இலுப்பைத் தோப்பு ஒன்றுதான். அங்கே குடியிருந்த காளி துடியானவள் என்று பேர். அதனால் யாரும் கை வைக்கவில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. எப்போதும் பெய்கிற மழைதான். ஒரே பகல் பெய்தது. ஆனால் சாயக்காரத் தெருவுக்கு வந்த தண்ணீர் எப்போதும் வருகிற தண்ணீராக இல்லை. அது சத்தம் போடாமல் வந்தது. வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் கணுக்காலில் ஈரம் பட்டுக் குனிந்தார்கள். நிமிர்வதற்குள் இடுப்பளவு ஏறியிருந்தது. சாயங்காலம் வடிந்தபோது பதினோரு பேர் இல்லை. அவர்களில் ஒருவன் நல்லண்ணன். தரையில் புதைத்திருந்த, நீலச் சாயம் கலக்கும் அவுரித் தாழியின் வாயை மூடப் போனவன், தலைகுப்புற அதற்குள்ளேயே கிடந்தான். தூக்கி எடுத்தபோது தோள்வரை நீலமாக இருந்தான். குளிப்பாட்டிப் பார்த்தார்கள், போகவில்லை. அப்படியே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

நல்லண்ணன் மனைவி பூவாத்தாள். பூவாத்தாளின் தம்பி செங்கோடன், மன்னரின் சபையில் விகடன். மாமனைப் புதைத்துவிட்டு வந்தவன், காரியம் முடிந்த மறுநாள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு சபைக்குப் போனான். சிரிக்க வைப்பது அவன் வேலை. போகாமல் இருக்க முடியாது.

அன்று மன்னரே பேச்சை எடுத்தார். "பள்ளத்தில் பிணம் மிதந்ததாகச் சொல்கிறார்கள். கேட்டதிலிருந்து நமக்குச் சோறு இறங்கவில்லை. இனி அப்படி நேரக் கூடாது. வழி என்ன?"

சேந்தராயர் எழுந்து வணங்கினார். "மேட்டிலிருந்து ஏரி வரை ஒரு வடிகால் வெட்டினால் போதும், அரசே. செலவுக்கு அடுப்பு வரி போடலாம். அடுப்பு ஒன்றுக்கு ஒரு பணம். அடுப்பில்லாத வீடு கிடையாது. மாளிகைக்கும் ஒன்று, குடிசைக்கும் ஒன்று. எல்லோருக்கும் சமம்."

சபையார் ஆமாம் சாமி போட்டார்கள். செங்கோடன் கைகட்டி முன்னால் வந்தான்.

"அரசே, அடியேனுக்கு ஒரு சந்தேகம். அன்று தெருவுக்குள் வந்தது தண்ணீரா, புகையா?"

"இதென்ன கேள்வி? தண்ணீர்தான்."

"புகை வந்திருந்தால் அடுப்பைக் கேட்பது நியாயம். வந்தது தண்ணீர் என்றால், அனுப்பியவரைத்தானே கேட்க வேண்டும்?"

யாரோ சிரித்தார்கள். சேந்தராயர் சிரிக்கவில்லை. "மழையை அனுப்பியவன் இந்திரன். விகடர் போய் இந்திரனிடம் வரி வாங்கி வரட்டும்."

"விழுகிற வரைக்கும் அது இந்திரனுடையது, பிரதானி அவர்களே. விழுந்த பிறகு யார் கல்லில் விழுந்ததோ அவருடையது."

சபை அமைதியானது. கல் பாவியவர்களில் முதல்வர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். சேந்தராயர் அந்த அமைதியைப் பிடித்துக்கொண்டார். "மன்னர் மேல் பழி சொல்லத் துணிந்துவிட்டார் விகடர். சொல்லட்டும். ஆனால் அவர் சொன்னால் போதாது, அந்தத் தண்ணீரே வாய் திறந்து 'நான் இன்னார் வீட்டுத் தண்ணீர்' என்று சொல்ல வேண்டும். அதுதான் சாட்சி."

மன்னருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. விளையாட்டுப் பொருளைக் கண்ட பிள்ளை முகம் அவருக்கு வந்தது. "சரியான பேச்சு. செங்கோடா, அடுத்த மழைத் தண்ணீர் இந்தச் சபையில் வாய் திறந்து பேச வேண்டும். பேசாவிட்டால் வடிகாலின் முதல் குழியில் உன்னைக் கழுத்தளவு நிறுத்தி வைப்போம். மழை அங்கே வந்து உன்னோடு தனியாகப் பேசட்டும்."

புன்னகையோடுதான் சொன்னார்.

செங்கோடன் அக்கா வீட்டுக்குப் போனான். சுவரில் தண்ணீர் நின்ற கோடு அவன் நெற்றி உயரத்தில் இருந்தது. தெருவில் பாதி வீடு காலி. பூவாத்தாள் கூடத்தில், மூடிய தாழிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மண்ணுக்கு அடியில் எதுவோ 'டொக், டொக்' என்று தட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா அது?"

"அடியில இன்னும் தண்ணி நிக்குது. தாழியைத் தூக்கித் தூக்கிப் போடுது. அப்படித்தான் நெனச்சிக்கிறேன்."

நடந்ததை எல்லாம் சொன்னான். "தண்ணிய எப்படிக்கா பேச வைக்கிறது?"

"சாயக்காரிகிட்டக் கேக்குற கேள்வியாடா இது? தண்ணிக்கு எதுக்கு வாய்? நெறம் போதும்."

மறுநாள் செங்கோடன் மன்னரிடம் அனுமதி வாங்கி நான்கு கூடை நிறப்பொடி கொண்டுபோனான். ஊரே பார்க்க அரண்மனை முற்றத்தில் செங்காவியைத் தூவினான். பண்டகசாலை வெளியில் மஞ்சள். பிரதானி மாளிகையின் கல்வெளியில் அவுரி நீலம். இலுப்பைத் தோப்பின் மண்ணில் அடுப்புக்கரி. "மழை வரும்வரை யாரும் பொடியை வெளியே எடுத்துப் போகவோ, தண்ணீர் உள்ளே கொண்டுவந்து கழுவவோ கூடாது" என்று நான்கு இடத்து வாசலிலும் காவல் வைத்தான்.

மூன்று நாள் வானம் கறுத்துக் கறுத்துக் கலைந்தது. நான்காம் நாள் நண்பகலில் விளக்கேற்ற வேண்டிய அளவு இருட்டியது. சாயக்காரத் தெரு ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பண்டகசாலைப் படிகளில் போய் ஏறிக்கொண்டார்கள். தெரு முனையில் அக்காவும் தம்பியும் மட்டும் நின்றார்கள். இரண்டு கல்தூணுக்கு நடுவே நீளமான வெள்ளைத் துணி ஒன்றைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். சாவு வீட்டுக்கென்று வாங்கி, பதினோரு பேருக்கும் போர்த்தியது போக மிஞ்சிய கோடித் துணி அது.

மழை இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேட்டுச் சரிவில் அது வந்தது. நுரை இல்லை, இரைச்சல் இல்லை. தெருவின் முழு அகலத்துக்கும், அறுத்த இடத்திலிருந்து வழிவது போலச் சிவப்பாக, மெதுவாக வந்தது. துணியின் அடி ஓரத்தைத் தொட்டது. துணி அதைக் குடித்தது. சிவப்பு ஒவ்வொரு விரற்கடையாக மேலே ஏறியது. ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு மஞ்சள். கரி ஒரு துளிகூட இல்லை. தோப்பின் மண் தன் மேல் விழுந்ததையெல்லாம் விழுங்கிவிட்டிருந்தது.

இருவரும் அடுத்த வீட்டு ஏணியில் ஏறி நின்று பார்த்தார்கள்.

"நீலம் எங்கடா?" என்றாள் பூவாத்தாள்.

நீலம் இல்லை. பிரதானி மாளிகையின் சரிவிலிருந்தும் சிவப்புதான் இறங்கிக்கொண்டிருந்தது. செங்கோடனுக்குப் புரிந்தது. பூசைச் சுவருக்கு அடிக்கிற காவி எல்லா வீட்டிலும் இருக்கும். நீலத்தை அகற்றிவிட்டு மன்னரின் நிறத்தைத் தூவிவிட்டார்கள். இந்தத் துணியைச் சபையில் விரித்தால், பதினோரு பேரைக் கொன்றவர் மன்னர் ஒருவரே என்று சொன்னதாகும். விரிக்காவிட்டால் குழி.

"ஒழிஞ்சேன்க்கா."

பூவாத்தாள் சிவப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவுரியைக் கழுவித் தொலைக்க முடியாது தம்பி. முப்பது வருசமா முயற்சி பண்ணின கை இது." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "உங்க மாமா அதோடவே மண்ணுக்குள்ள போனாரு. எங்கயாவது ஒளிஞ்சு நிக்கும். தேடு."

மறுநாள் காலை ஈரத் துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வந்தான். பிரதானியின் பல்லக்கை இறக்கிவிட்டு அதைச் சுமப்பவர்கள் மதிலோரம் குந்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் பெரிதாகக் கொட்டாவி விட்டான். செங்கோடன் நின்றுவிட்டான்.

"அண்ணே, குடிக்கிற தண்ணி எங்க எடுக்கிறீங்க?"

"மாளிகை முத்தத்துக் கெணறுதான். வாசல்ல காவல் போட்டுட்டியே, வேற எங்க போவ?"

"பிரதானியும் அதே தண்ணிதானா?"

"அவருக்கு மட்டும் வானத்துல இருந்தா வரும்? ஏன், என்னத்தை அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல அண்ணே" என்று உள்ளே போனான்.

சபையில் துணியை விரித்தான். இடுப்பளவுக்குச் சிவப்பு. ஓரத்தில் மஞ்சள். மன்னர் நெடுநேரம் பார்த்தார். முகத்தில் புன்னகை இல்லை.

"எல்லாம் நம் நிறம்" என்றார்.

"அரசே, துணி சாட்சி ஆகாது" என்றான் செங்கோடன். "தண்ணீர் வாய் திறக்க வேண்டும் என்பது தங்கள் கட்டளை. அது இன்னும் வாய் திறக்கவில்லை."

இதற்காகவே காத்திருந்தது போலச் சேந்தராயர் எழுந்தார். நான்கு நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவருக்குத் தாங்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரித்தார்.

முன் வரிசையில் இருந்த புலவர் ஒருவர் இருக்கையோடு பின்வாங்கினார். சிரித்த வாய்க்குள் பல் எல்லாம் நீலம். ஈறு நீலம். நாக்கு, நஞ்சு குடித்துச் செத்தவன் நாக்கு போலக் கருநீலம். வெற்றிலைச் சிவப்பு அதன் விளிம்பில் கசிந்துகொண்டிருந்தது. தமக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். பிரதானியிடம் அதைச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

"இதோ, வாய் திறந்துவிட்டது, அரசே" என்றான் செங்கோடன். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "தெருவுக்கு வர வேண்டிய நீலத்தை, வாசலில் காவல் இருந்ததால் வெளியே கொண்டுபோக முடியாமல், மாளிகைக் கிணற்றுக்குள் கழுவி இறக்கிவிட்டு, அதன் இடத்தில் அரண்மனைச் சிவப்பைத் தூவிவிட்டார்கள். அதையே நான்கு நாளாகக் குடித்தார்கள். தான் யார் வீட்டுத் தண்ணீர் என்று அது தன் வாயால் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வாயால் சொல்கிறது."

சேந்தராயர் கையால் வாயைப் பொத்தினார். மடியிலிருந்த வெற்றிலைச் செல்லத்தின் பித்தளை மூடியில் தம் முகத்தைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் மன்னரின் தோள் குலுங்கியது. பிறகு கல் மண்டபம் எதிரொலிக்கச் சிரித்தார். சபையும் சேர்ந்துகொண்டது. செங்கோடன் மட்டும் சிரிக்கவில்லை; நீலமாகக் கிடந்த இன்னொரு முகம் அவன் கண்ணுக்குள் நின்றது. சிரிப்பு அடங்கியதும் மன்னர் இறங்கி வந்து அந்தத் துணியைத் தொட்டார்.

"இந்தச் சிவப்பில் நம் பங்கு எவ்வளவு, செங்கோடா?"

"அளந்தால் தெரிந்துவிடும். மேட்டில் யார் எத்தனை குழி பரப்பளவில் கல் பாவியிருக்கிறார்களோ, அத்தனைக்கு ஆண்டுதோறும் கட்டணம் கொடுக்கட்டும். அந்தப் பணம் வடிகாலுக்கு மட்டும் போகட்டும், வேறு எதற்கும் தொடக் கூடாது. கல்லைப் பெயர்த்து மண்ணைத் திறந்தால், குட்டை வெட்டித் தம் தண்ணீரைத் தாமே நிறுத்திக்கொண்டால், அதற்குத் தக்கபடி கழித்துவிடலாம். தோப்பின் கரி வரவில்லை பாருங்கள். காளி ஒரு காசும் தர வேண்டியதில்லை."

"அப்படியானால் அதிகம் கொடுக்க வேண்டியவர் நாம்தான்."

"மன்னருக்குக் கீழே யாராவது அதிகம் கொடுத்தால் மன்னருக்கு மரியாதை இல்லையே, அரசே."

மன்னர் மறுபடி சிரித்தார். இந்த முறை மெல்லத்தான். தம் கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றிச் செங்கோடன் கழுத்தில் போட்டார். முதல் ஆண்டுக் கட்டணத்தை அரண்மனையே அன்றைக்கே கட்டியது. கல்வெளிகளை அளக்கும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கும் வேலை சேந்தராயருக்கு. இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் நடந்தார்.

வடிகால் ஏரியைத் தொட்டது. கட்டணத்தைக் குறைக்க வணிகர்கள் தூர்த்த குட்டைகளைத் திரும்பத் தோண்டினார்கள். அடுத்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. பூவாத்தாள் மூன்று நாளும் வாசற்படியில் உட்கார்ந்து வடிகாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கலங்கலாக, மண் நிறத்தில், பெரும் சத்தத்தோடு தெருவைத் தாண்டிப் போனது. நான்காம் நாள் காலை செங்கோடன் வந்தபோது அவள் அந்தப் படியிலேயே சாய்ந்து அசையாமல் கிடந்தாள். அவன் பதறி மூக்கருகே விரலை வைத்தான்.

"தூங்க விடுடா" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.