பார்க்க ஒரு கம்பி

எனக்குப் படிப்பு குறைவு. முன்பின்னாகச் சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் செங்கமலத்துக்காகச் சொல்லியாக வேண்டும்.

என் அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில் செங்கமலம் ஆயா. சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்றதும், மேனேஜர் தணிகாசலம் குளியலறைச் சுவரில் பளபளவென்று ஒரு கைப்பிடிக் கம்பியைப் பசை போட்டு ஒட்டினார்.

“இதை யாரும் தொடக் கூடாது. யாரும் வழுக்கி விழவும் கூடாது. விழுந்தா உனக்கு வேலை போச்சு.”

“ஆகட்டும் சார்” என்றாள் செங்கமலம்.

அதிகாரியம்மா வந்த அன்று நானும் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். “யானை இழுத்தாலும் வராது மேடம்!” என்று மேனேஜர் கம்பியைக் காட்டினார்.

செங்கமலம் பணிவாகச் சொன்னாள்: “பெரியவங்க பிடிக்கப் பயப்படறாங்க சார். நீங்க ஒருதரம் உட்கார்ந்து எழுந்து காட்டிட்டா பயம் தெளிஞ்சிடும்.”

மறுக்க முடியுமா? குட்டை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எழத்தான் முடியவில்லை. கம்பிப் பக்கம் கை போகும், சட்டென்று திரும்பிவிடும். கடைசியில் செங்கமலத்தின் தோளைப் பிடித்து எழுந்தார்.

“கம்பி இருக்கும்போது தோள் எதுக்கு?” என்றார் அதிகாரியம்மா.

“இங்க அப்படித்தான் மேடம். கம்பி பார்க்கிறதுக்கு, தோள் பிடிக்கிறதுக்கு” என்றாள் செங்கமலம்.

அதிகாரியம்மா லேசாக இழுத்தார். கம்பி கையோடு வந்தது.

“இந்த அம்மாவை வேலையை விட்டு அனுப்பினா எனக்குப் பதில் சொல்லணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே சுவரைத் துளைத்துப் புதுக்கம்பி முடுக்கினார்கள். இப்போது அம்மா அதைப் பிடித்துத்தான் எழுகிறாள். செங்கமலம் நன்றாக இருக்க வேண்டும். நான்தான் போகும்போதெல்லாம் முதலில் குளியலறைக்குள் நுழைந்து, என் முழுக் கனத்தையும் போட்டு அந்தக் கம்பியில் ஒருமுறை தொங்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போகிறேன்.