ஆவாரம்பூ சூடிய பன்றி

கோடை வந்தால் பாதி காய்ந்து போகும் ஒரு காட்டில், பிள்ளைகளே, அன்று தேர்தல் முடிவு சொல்லும் நாள்.

அந்தக் காட்டில் இரண்டு கட்சிகள். சிறுத்தையின் கட்சிக்காரர்கள் காதோரம் எருக்கம்பூ செருகிக்கொள்வார்கள். காட்டெருமையின் கட்சிக்காரர்கள் ஆவாரம்பூ செருகிக்கொள்வார்கள். காட்டைப் பல தொகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். தொகுதிக்கு ஒரு பிரதிநிதி. அவரவர் தொகுதியில் பிடித்தவர் காலடியில் ஒரு கூழாங்கல் போட வேண்டும். யாருக்குக் கல் அதிகமோ அவர் பிரதிநிதி.

எந்தக் கட்சிக்குப் பிரதிநிதிகள் அதிகமோ அந்தக் கட்சிக்குக் காடு.

மைனா ஒரு பாறைமேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தது.

"சிறுத்தை முன்னிலை! சிறுத்தை முன்னிலை! இதோ... இல்லை, இல்லை, காட்டெருமை முன்னிலை!"

கூட்டத்தில் எல்லோரும் குதித்தார்கள். தவளை மட்டும் குதிக்கவில்லை. குதிப்பதையே தொழிலாகக் கொண்ட தவளை அன்று கல்லைப் போல உட்கார்ந்திருந்தது.

காரணம் இருந்தது. தவளையின் குஞ்சுகள், அந்த வாலுள்ள தலைப்பிரட்டைகள், கீழ்க்குட்டையில் இருந்தன. குட்டைக்கு மேலே மலையிலிருந்து ஓர் ஓடை வரும். வழியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகலான ஓர் இடுக்கு. அதுதான் மடை. அந்த மடையில், தண்ணீர் இறங்கும் வாயை அடைத்துக்கொண்டு, ஒரு காட்டுப்பன்றி படுத்திருந்தது. குளிர்ச்சிக்காகப் படுத்திருந்ததாம். அதன் முதுகுக்குப் பின்னால் ஓடை தேங்கிச் சேறாகிப் பக்கவாட்டில் வழிந்து போகும். கீழே ஒரு சொட்டு வராது.

குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. குஞ்சுகளுக்குக் கால் முளைக்கும்வரை தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் குஞ்சுகள் இல்லை.

பன்றி, அதுவரை காட்டை ஆண்ட சிறுத்தையின் கட்சிக்காரன். மேட்டுத் தொகுதியின் பிரதிநிதி. அதனால் ஒருவராலும் அதை எழுப்ப முடியவில்லை.

காட்டெருமை கட்சிக்காக ஓட்டுக் கேட்டு வந்த முயல், குட்டைக் கரையில் முன்னங்கால்களைக் கூப்பி நின்று சொல்லியிருந்தது.

"அக்கா, நாங்க ஜெயிச்ச அன்னைக்கே அந்தப் பன்றிய மடையிலேருந்து தூக்கிடுவோம். உங்க பிள்ளைங்க என் பிள்ளைங்க மாதிரி."

தவளை தன் கல்லை முயலுக்குத்தான் போட்டது. குட்டையில் இருந்த எல்லோருமே முயலுக்குத்தான் போட்டார்கள்.

"கீழ்க்குட்டைத் தொகுதி, முயல் வெற்றி!" என்றது மைனா. பிறகு, "மேட்டுத் தொகுதி, பன்றி வெற்றி!" என்றது. கூட்டம் ஊளையிட்டது. கடைசியில் மைனா தொண்டை கிழியக் கத்தியது.

"காட்டெருமை ஆட்சி! காட்டெருமை ஆட்சி!"

அப்போதுதான் தவளை குதித்தது. எவ்வளவு உயரம் குதித்தது தெரியுமா? பக்கத்தில் இருந்த முள்ளெலி, "மெதுவா அக்கா, மரத்துல மாட்டிக்கப் போறே" என்றது.

சிறுத்தை மலையுச்சிக்குப் போய்விட்டது. அதன் வால் மறைவதற்குள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் ஓடி வந்தார். யார் என்று நினைக்கிறீர்கள்?

பன்றிதான்.

வரும் வழியிலேயே காதிலிருந்த எருக்கம்பூவைத் தட்டிவிட்டு அதன்மேல் ஏறி மிதித்தது. ஒரு கொத்து ஆவாரம்பூவைக் காதில் செருகிக்கொண்டது. காட்டெருமையின் முன்னால் விழுந்து கும்பிட்டது.

"தலைவரே! இத்தனை நாளும் என் உடம்புதான் அங்க கிடந்துச்சு. மனசு உங்ககிட்டதான் இருந்துச்சு!"

காட்டெருமை நல்லவர்தான். ஆனால் தன்னைச் சுற்றிக் கூட்டம் பெருகுவதைப் பார்த்தால் கண் சொக்கிவிடும்.

"பாருங்கய்யா, ஜெயிச்ச முதல் நாளே நம்ம மந்தை எவ்வளவு பெரிசாயிடுச்சு!" என்று கொம்பை ஆட்டியது.

"இது மடையில படுத்திருக்கிற அதே பன்றிதானே?" என்றது முள்ளெலி.

"அது நேத்து. நேத்துக் கதையெல்லாம் இன்னைக்கு எதுக்கு?" என்று முயல் அதட்டியது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. பன்றியைத் தூக்கி ஆடினார்கள். எலிகள் தூக்கின, அணில்கள் தூக்கின. வெட்கத்தோடு சொல்ல வேண்டும், அன்று அங்கே எல்லோரையும்விட உரக்கக் கத்தியது தவளைதான். 'நம்ம கட்சிக்கே வந்துட்டான். இனி நாம சொன்னா எழுந்துக்க மாட்டானா?' என்று அது நினைத்தது.

ஆடி முடித்துவிட்டுப் பன்றி எங்கே போனது? நேராக மடைக்குப் போய்ப் படுத்தது. காதில் ஆவாரம்பூ இருந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

தவளை காத்திருந்து பார்த்தது. தண்ணீர் வரவில்லை. முயலைத் தேடிப் போனது. முயல் ஓர் அடிமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கூட்டம்.

"தம்பி, மடை..." என்று தொடங்கியது தவளை.

முயலின் காது விறைத்தது. "எல்லாரும் இப்ப ஐயான்னு கூப்பிடுறாங்க அக்கா."

"சரிங்க ஐயா. மடை."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். உடனே எழுப்ப முடியுமா? அவரும் நம்ம ஆளாயிட்டாரு. நம்ம ஆளை நாமளே எழுப்பினா வெளியில என்ன பேசுவாங்க?"

"என் பிள்ளைங்க காயுதுங்களே!"

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க."

தலைப்பிரட்டையைப் பொறுக்கச் சொல்கிறது ஒரு முயல்! அதுவும் கூழாங்கல் வாங்கும்போது என் பிள்ளை மாதிரி என்று சொன்ன வாயால்!

தவளை காட்டெருமையிடமே போனது. "தலைவரே, பன்றியை எழுப்பச் சொல்லுங்க" என்று அழுதது.

காட்டெருமை அசைபோட்டுக்கொண்டே யோசித்தது. பிறகு முகம் மலர்ந்தது.

"நல்ல நேரத்துல ஞாபகப்படுத்தினே தாயி. ஓடைக்கு ஒரு மந்திரி போட மறந்தே போச்சு. இந்த நிமிஷத்துலேருந்து பன்றிதான் ஓடை மந்திரி!"

"ஐயோ! அவனா?"

"ஓடையைப் பத்தி அவனைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? இத்தனை வருஷமா அதுலேயே படுத்திருக்கானே!"

தவளை தத்தித் தத்தித் திரும்பியது.

திரும்பும் வழியில் பன்றியிடமும் கெஞ்சிப் பார்த்தது. "மாமா, கொஞ்சம் நகர்ந்து படுங்க. குட்டை வத்துது."

"அட, நீயா தங்கச்சி! அன்னைக்கு என்னைத் தூக்கி ஆடினப்போ என்ன குரல் உனக்கு! காது இன்னும் இரையுது. இங்க பாரு, நீயும் ஆவாரம்பூ, நானும் ஆவாரம்பூ. நமக்குள்ள என்ன மேல்மடை கீழ்மடை? நான் குளிர்ச்சியா இருந்தா நீ குளிர்ச்சியா இருக்கிற மாதிரிதான்" என்று புரண்டு படுத்தது பன்றி.

குட்டைக்கு வந்து அக்கம்பக்கத்தில் சொல்லிப் புலம்பியது தவளை. எலி பதறிப்போய் அதன் வாயைப் பொத்தியது.

"சும்மா இரு அக்கா! நம்ம ஆட்சிய நாமே குறை சொன்னா மலையுச்சியில சிறுத்தை கேட்டுச் சிரிக்கும்."

"சரியாச் சொன்னே. பன்றியைத் திட்டுறவங்க சிறுத்தையோட ஆளுங்கன்னு முயல் ஐயா சொல்லியிருக்காரு" என்றது அணில்.

பார்த்தீர்களா பிள்ளைகளே? நேற்றுவரை அந்தப் பன்றியைத் திட்டுவது நியாயம். இன்று அதே பன்றியைத் திட்டினால் துரோகம். பன்றி மாறியதா? இல்லை. மடை மாறியதா? இல்லை. ஒரு பூ மாறியது.

மறுநாள் குட்டையின் ஓரம் வெடித்தது. ஓரத்தில் இருந்த குஞ்சுகள் சேற்றில் ஒட்டிக்கொண்டு வாலை அடித்தன. தவளை ஓடி ஓடித் தன் வயிற்றால் அவற்றை நடுவில் மிச்சமிருந்த தண்ணீருக்குத் தள்ளியது. எல்லாவற்றையும் தள்ள முடியவில்லை. சில வால்கள் அடிப்பதை நிறுத்திக்கொண்டன.

முள்ளெலி வந்து பார்த்தது. அது எதையும் சுற்றி வளைத்துச் சொல்லாது.

"அழுதா தண்ணி வராது. பன்றி எழுந்தாத்தான் வரும்."

"நான் சொல்லி எழுந்திருக்கல. தலைவர் சொல்ல மாட்டேங்குறாரு. அவன் எதுக்குத்தான் எழுந்திருப்பான்?"

கேட்டுவிட்டுத் தவளை சட்டென்று நின்றது. அவன் எழுந்து ஓடியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததே! முடிவு வந்த அன்று. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம், எல்லோருக்கும் முன்னால்.

தவளை எலியையும் அணிலையும் மற்ற எல்லோரையும் கூப்பிட்டது. காய்ந்த சேற்றைக் காட்டியது. எலி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இதைப் பாத்த பிறகும் வாயைப் பொத்துவியா?" என்றது தவளை.

"என்ன செய்யணும்னு சொல்லு அக்கா."

"எல்லாரும் ஆளுக்கொரு எருக்கம்பூ பறிச்சுக் காதுல வெச்சுக்கங்க. மடை ஓரமா நடந்து மேட்டுக்குப் போவோம். யாரும் பொய் சொல்ல வேண்டாம். எதுவுமே சொல்ல வேண்டாம்."

முயல் இதைக் கேள்விப்பட்டு ஓடி வந்தது. "எருக்கம்பூவா? துரோகம்! துரோகம்!"

"செடியில பூத்த பூ தம்பி. அதுல என்ன துரோகம்?" என்றது தவளை. இந்த முறை ஐயா போடவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் தவளை. பின்னால் எலிகள், அணில்கள், ஓணான்கள், கீரிகள். எல்லோர் காதிலும் எருக்கம்பூ. காது தெரியாதவர்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள். மடை ஓரமாகப் போனபோது பன்றி ஒரு கண்ணைத் திறந்தது. உடனே மறு கண்ணையும் திறந்தது.

"ஏய், ஏய், நில்லுங்க! எங்கே போறீங்க?"

"மேட்டுக்கு" என்றது தவளை.

"எல்லாருமா?"

"கண்ணுக்குத் தெரியுதே மாமா."

"காதுல இதென்ன பூ? காத்து திரும்பிடுச்சா? சிறுத்தைத் தலைவர் பக்கம் ஆள் சேருதா?"

"எனக்கென்ன தெரியும்? நான் குட்டைத் தவளை. மந்திரி நீங்கதான்."

பன்றிக்கு வியர்த்தது. எல்லோரும் போகிறார்கள், தனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை! கடைசியாகப் போனால் என்ன பதவி கிடைக்கும்? முதலில் போனவனுக்குத்தானே மடியில் இடம்!

"வழி விடுங்க! வழி விடுங்கப்பா!"

சேறு தெறிக்க எழுந்தது. ஆவாரம்பூவைத் துப்பாத குறையாக உதறியது. ஓணானின் தலையிலிருந்த எருக்கம்பூவையே பிடுங்கிக்கொண்டு மலைமேல் ஓடியது.

அவ்வளவுதான். அடைபட்டிருந்த ஓடை மடையில் பாய்ந்தது. அந்தச் சத்தம் கீழே குட்டைவரை கேட்டது.

"இப்ப வாங்கடா!" என்றது முள்ளெலி. ஊர்வலம் கலைந்தது. ஆளுக்கொரு இலந்தை முள்ளை இழுத்து வந்தார்கள். மடையின் குறுக்கே, தண்ணீர் போகலாம், உடம்பு படுக்க முடியாது என்கிறபடி அடுக்கினார்கள். கையெல்லாம் கீறல். யாரும் நிறுத்தவில்லை.

மலையுச்சியில் சிறுத்தை தனியாகப் படுத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"தலைவரே! உடம்புதான் அங்க கிடந்துச்சு, மனசு உங்ககிட்டதான்..." என்று மூச்சிரைத்தது பன்றி.

சிறுத்தை அதன் பின்னால் எட்டிப் பார்த்தது. "கூட யாரு?"

"எல்லாரும் வர்றாங்களே!"

"யாரையும் காணோமே."

பன்றியும் திரும்பிப் பார்த்தது. காலிப் பாதை. வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கி ஓடியது. வழியில் எருக்கை எறிந்தது, ஆவாரையைப் பறித்தது.

மடையில் அதற்குள் காட்டெருமையும் முயலும் வந்து நின்றிருந்தார்கள். முயல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. பன்றி வந்து காலில் விழுந்தது.

"தலைவரே, கொஞ்சம் காலாற நடந்துட்டு வந்தேன். மனசு இங்கதான் இருந்துச்சு."

காட்டெருமை அதைப் பார்த்தது. கோபப்படும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதன் கண்ணோ மறுபடி சொக்கியது.

"போனவன் திரும்பி வந்துட்டான். இதுவும் நமக்கு ஒரு வெற்றிதானே! சேர்த்துக்குவோம். முள்ளை எடுங்கப்பா, மந்திரி படுக்கட்டும்."

ஒருவரும் அசையவில்லை.

"சொல்றது காதுல விழலையா? நான் உங்க தலைவர்!"

"விழுது தலைவரே. நீங்க அவரை உங்க கட்சியில எத்தனை தடவை வேணும்னாலும் சேர்த்துக்கங்க. மடையில சேர்க்க மாட்டோம்" என்றது தவளை.

"அப்போ நீங்கல்லாம் சிறுத்தை ஆளுங்களா?" என்று கத்தியது முயல்.

அப்போதுதான் அது கவனித்தது. அங்கே நின்றவர்களில் ஒருவர் காதிலும் எந்தப் பூவும் இல்லை. முள் சுமந்தபோது உதிர்ந்ததை யாரும் எடுக்கவில்லை.

பன்றி பழக்க தோஷத்தில் மடையில் சாய்ந்து பார்த்தது. வயிற்றில் இலந்தை முள் ஏறியது. அது போட்ட அலறலில் முயல் புதருக்குள் பாய்ந்தது. காட்டெருமை தலையை ஆட்டிக்கொண்டே வேறு பக்கம் மேயப் போய்விட்டது.

தவளை ஓடையோடு ஓடியது. குட்டையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் கிடந்த குஞ்சுகள் வாலை அடித்துக்கொண்டு எல்லாப் பக்கமும் சிதறி நீந்தின. ஓரச் சேற்றில் ஒட்டியிருந்தவற்றையும் தண்ணீர் மெல்ல நெகிழ்த்தித் தூக்கியது. அவை நீந்தவில்லை. மிதந்தன.

நீதி: யார் வென்றார் என்று கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகாதே, மடையை அடைத்தவன் எழுந்தானா என்று பார்த்துவிட்டுப் போ.