உப்புப் பொருக்கு

பந்தியில் யாரோ அப்பளத்தை உள்ளங்கையால் அமுக்கியது போல ஒரு சத்தம். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. குமுதவல்லியின் காதில் அது இன்னும் அப்படியே இருக்கிறது.

சத்தம் கேட்டது சக்கரத்துக்கு அடியில். அடுத்த நொடி சைக்கிள் நின்றது. அவள் நிற்கவில்லை. ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்து, கழுவெளி என்கிற கடலோர உப்பு ஏரியின் சேற்றில் முழங்கை வரை ஊன்றினாள்.

தலையைத் தூக்கியதும் அவள் கேட்டது இதுதான்:

"மாஸ்டர், உங்க தடத்துலதானே வந்தேன்?"

அக்கரையில் டெல்பின் சைக்கிளின் மேல் சாய்ந்து நின்று ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வந்தீங்க, அக்கா."

"அப்புறம் ஏன் விழுந்தேன்?"

டெல்பின் பழத்தைத் தின்று முடித்தாள். தோலைப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கழுவெளி நிரம்பிவிட்டது. பதில் தெரியாமலே ஒரு வருடம் போயிற்று.

குமுதவல்லி நீதிமன்றத்தில் தட்டச்சர். பிறர் சொல்வதை ஒரு புள்ளி பிசகாமல் அடித்துக் கொடுத்தே நாற்பத்தைந்து வயதுக்கு வந்து சேர்ந்தவள். டெல்பினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. புதுச்சேரிக்கு வடக்கே, தார் இல்லாத பாதைகளில், தடித்த டயர் போட்ட சைக்கிளில் சுற்றுகிற சின்னக் கூட்டத்துக்கு அவள்தான் குரு. குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை மாஸ்டர் என்பாள்.

கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வயல், காடு, கழுவெளி மூன்றையும் கால் ஊன்றாமல் கடந்தவர்தான் முன்னால் போகலாம். டெல்பினைத் தவிர ஒருவரும் கடந்ததில்லை. அவளோ அந்தப் புரட்டாசியோடு வேலை மாற்றலாகிப் போகிறாள்.

முன்னால் போக குமுதவல்லிக்கு ஆசை. தனக்கென்று அவள் வாய்விட்டுக் கேட்டது, வாழ்க்கையில், அது ஒன்றுதான்.

புரட்டாசியின் கடைசி ஞாயிறு. கிழக்கே மேகம் கறுத்துக் கிடந்தது. இன்று விட்டால் இனி இல்லை.

மூன்று பேர் கிளம்பினார்கள். மூன்றாமவர் சாதிக். செல்போன் கடை வைத்திருப்பவர். கடையில் பேசாததையெல்லாம் சைக்கிளில் பேசுவார்.

"வந்துட்டாங்கப்பா கார்பன் பேப்பர்! மாஸ்டர் தும்மினா இவங்க ஹெல்மெட் ஆடும்."

"உங்களுக்கு ஒழுங்காத் தும்மவும் வராது, சாதிக்," என்றாள் குமுதவல்லி. "ஏறுங்க வண்டியில."

வயல்வெளிச் சரளையில் சக்கரங்கள் வறுகடலை கொறிப்பது போல ஓடின. டிராக்டர் போய்ப் போய் இரண்டு தடங்கள் அழுந்தியிருந்தன. நடுவில் கல் குவிந்து கிடந்தது.

"என் தடத்துலயே வாங்க!" டெல்பின் திரும்பாமல் கத்தினாள்.

குமுதவல்லி வந்தாள். டெல்பின் இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். சாதிக் முந்துகிற உற்சாகத்தில் நடுவில் புகுந்தார். சரளை அவரைத் தூக்கி வரப்பில் உட்காரவைத்தது.

"வரப்பு எப்படி இருக்கு?" என்று கத்தினாள் குமுதவல்லி.

"ஈரமா இருக்கு மேடம். நீங்களும் வந்து பாருங்க!"

காடு வந்தது. செம்மண் பாதை. சருகுக்கு அடியில் வேர்கள். டெல்பின் எழுந்து நின்று மிதித்தால் குமுதவல்லியும் எழுந்தாள். டெல்பின் இருக்கையில் பின்னால் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். காற்று காதில் விசிலடித்தது.

"மாஸ்டர்! போன வருஷம் ஏன் விழுந்தேன்னு இன்னைக்காவது சொல்லுங்க!"

"கிளை!"

"என்ன?"

"கிளை, அக்கா! குனிங்க!"

குனிந்தாள். முந்திரிக் கிளை ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனது. குமுதவல்லி 'ஹோ' என்று கத்தினாள். எங்கோ ஒரு மயில் பதிலுக்குக் கத்தியது. மூன்று பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இறக்கத்தில் பாய்ந்தார்கள்.

காடு சட்டென்று முடிந்தது.

வெள்ளை. கண் கூசுகிற வெள்ளை. வற்றிய கழுவெளியில் உப்பும் சேறும் காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது. அக்கரை கூப்பிடு தூரம். எட்டத்தில், மிச்சமிருந்த தண்ணீரில் நாரைகள் நின்றன.

டெல்பின் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வயலில் கத்துவாள், காட்டில் கத்துவாள், இந்தக் கரைக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். குமுதவல்லி இதுவரை அதைக் கவனித்ததில்லை. இப்போதும் கவனிக்கவில்லை.

டெல்பின் இறங்கினாள். சர்ரென்று ஒரே ஓட்டம். அக்கரை ஏறிவிட்டாள்.

குமுதவல்லி அந்தத் தடத்தில் சக்கரத்தை வைத்தாள். போன வருடம் எங்கேயோ ஒரு விரல்கடை விலகியிருப்போம், அதனால்தான் விழுந்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டாள். இந்த முறை நூல் பிடித்தாற்போல மிதித்தாள்.

அப்பளம் நொறுங்கியது.

முன்சக்கரம் பாதி அளவு உள்ளே போயிருந்தது. அவள் கால் கணுக்கால் வரை புதைந்தது. கரையைவிட்டு அதிக தூரம்கூடப் போகவில்லை.

"மாஸ்டர்!" அவளுக்கு அழுகை முட்டியது. "நூலளவுகூட விலகல! உங்களைத் தாங்கின மண்ணு என்னை ஏன் தாங்க மாட்டேங்குது?"

"அது நான் போன மண்ணு, அக்கா!"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

"ரெண்டு பேரும் ஒரே கட்சி," என்றார் சாதிக். "அப்புறம் எதுக்குச் சண்டை?"

குமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். இவ்வளவு நாளும் அந்தத் தடத்தின் மேல் ஓட்டியிருக்கிறாள், அதை நின்று பார்த்ததில்லை.

டெல்பின் போன வழி நெடுகப் பொருக்கு இரண்டாகப் பிளந்திருந்தது. விளிம்புகள் உள்ளே சரிந்திருந்தன. பிளவில் கறுப்பாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

கை நீட்டுகிற தூரத்தில் வெள்ளை, ஒரு கீறல் இல்லாமல்.

சைக்கிளைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். தடத்தைவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

"மேடம், எங்கே போறீங்க? வழி இங்கே இருக்கு!"

"தெரியுது!"

மிதித்தாள்.

முன்னால் ஒரு முதுகும் இல்லை. வெள்ளை, அதற்கு மேல் மேகம். சத்தம் கேட்கத்தான் செய்தது. அப்பளம் அப்பளமாக நொறுங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. அவள் அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நாரைகள் எல்லாம் ஒரே வீச்சில் எழுந்தன. அவள் என்னவோ கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

சக்கரம் புல்லில் ஏறியது.

கால் ஊன்றவில்லை.

டெல்பின் பக்கத்தில் நின்றாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது, நின்றிருந்தவளுக்கும்.

"ஓஹோ, அதுதான் வழியா!" கிளம்பிய கரையிலிருந்து சாதிக் குரல் கொடுத்தார். "இதோ வந்துட்டேன்!" குமுதவல்லியின் தடத்தில் அச்சாகச் சக்கரத்தை வைத்து அழுத்தி மிதித்தார்.

பாதி தூரம்கூட வரவில்லை. சைக்கிள் நின்றது. அவர் நிற்கவில்லை.

சேறு பூசிய முகம் மெல்ல நிமிர்ந்தது.

"மேடம்! உங்க தடத்துலதானே வந்தேன்?"

குமுதவல்லி சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

டெல்பின் அவள் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்தாள்.

குமுதவல்லி பழத்தைப் பார்த்தாள். டெல்பினைப் பார்த்தாள். நிதானமாக உரித்தாள்.

"நல்லா வந்தீங்க, சாதிக்."

திரும்பும்போது குமுதவல்லி முன்னால் போனாள். டெல்பின் கடைசியாக வந்தாள்.

டெல்பின் இப்போது ஓசூரில் இருக்கிறாள். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்த பிறகு சைக்கிளை விற்றுவிட்டாள்.