எட்டுப் பேர் பிடிக்கும் கட்டை

"எட்டுப் பேர் ஆட்ட வேண்டிய வண்டியை ஒருவரே ஆட்டுவதற்கு வழி உண்டா?" என்று சீடர் கேட்டார்.

குரு அரத்தைக் கீழே வைக்கவில்லை. பித்தளைத் துண்டொன்றின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே, "உண்டு" என்றார்.

சீடர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

சீடரின் பெயர் கோதண்டபாணி. வயது அறுபத்து நான்கு. நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் ஜெசிந்தா. சீடரைவிடப் பதினாறு வயது இளையவர். கோவைக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலையின் தீயணைப்புப் பிரிவில் பம்புகளைப் பழுது பார்த்தவர். ஆலை மூடப்பட்டபோது அதன் சிவப்பு லாரியை வேறு யாரும் கேட்கவில்லை, அவர் கேட்டார். லாரி மீண்டும் ஓடிய செய்தி பரவியபின், பழைய தீயணைப்பு வண்டிகளின்மேல் பித்துக் கொண்டவர்கள் ஒவ்வொருவராக அவருடைய கொட்டகைக்கு வந்தனர். கோதண்டபாணியும் அப்படி வந்தவரே. அவர் ஜெசிந்தாவை 'அம்மா' என்று அழைத்தார். ஜெசிந்தா அவரை 'சார்' என்றார்.

கோதண்டபாணியின் வண்டிக்கு எஞ்சின் கிடையாது. நூறாண்டுகளுக்கு முன் ஒரு பஞ்சுக் கிடங்குக்காகச் செய்யப்பட்ட கைப்பம்பு அது. நான்கு இரும்புச் சக்கரங்கள், நடுவில் செம்புத் தொட்டி, தொட்டியின் இருபுறமும் நீளவாக்கில் ஒவ்வொரு பிடிக்கட்டை. பக்கத்துக்கு நால்வராக நின்று ஆட்ட வேண்டும். ஒரு கட்டை இறங்கினால் மறு கட்டை ஏறும். ஏறி இறங்கும் விசையில் தண்ணீர் குழாய்வழியே பாயும்.

மனைவி சுலோசனா இறந்த ஆண்டில், பழைய இரும்புக் கடையொன்றின் பின்புறத்தில் அதைக் கண்டார். வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து ஆறாண்டுகள் தனியாக வேலை செய்தார். தோல் வாஷர்களை எண்ணெயில் ஊறவைத்துத் தாமே வெட்டினார். தொட்டியின் நசுங்கலைத் தாமே தட்டி எடுத்தார். திங்கள் முதல் சனி வரை அவர் யாரிடமும் பேச நேர்ந்ததில்லை. பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் பேசாமலே வாசலுக்கு வந்தன. சில நாள்களில், குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, வார்னிஷ் டப்பாவில் அச்சிட்டிருந்த எச்சரிக்கையை உரக்கப் படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்குப் போனார்.

பிடிக்கட்டைகளில் கைகள் பட்டுப் பட்டு எட்டு இடங்களில் மரம் குழிந்திருந்தது. கோதண்டபாணி அந்தக் குழிகளை மரத்தூளும் பசையும் கலந்து நிரப்பினார்; உப்புத்தாளால் தேய்த்தார்; ஏழு முறை வார்னிஷ் பூசினார். கட்டையில் முகம் தெரிந்தது. ஜெசிந்தா அதை முதன்முதலில் பார்த்தபோது, குழி இருந்த இடத்தின்மேல் ஒரு விரலை ஓட்டினார்.

ஆண்டுதோறும் தை மாதத்து இரண்டாம் ஞாயிறன்று, மூடப்பட்ட அந்த நூற்பாலையின் மைதானத்தில் வண்டிகள் கூடும். எஸ்டேட் வண்டிகள், நகராட்சி வண்டிகள், இராணுவம் கழித்துவிட்ட இழுவைப் பம்புகள் என்று இருபதுக்குக் குறையாமல் வரும். தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் இரும்புக் கையில் ஒரு பித்தளை மணி தொங்கும். ஒவ்வொரு வண்டியும் தண்ணீரைப் பாய்ச்சி அந்த மணியை அடிக்க வேண்டும். மணி ஒலித்தால், தீயணைப்பு வீரராக இருந்து ஓய்வு பெற்ற பீர்முகமது அந்த வண்டியைப் பதிவேட்டில் எழுதுவார். வண்டியின் பெயருக்குக் கீழே, அதை இயக்கிய ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுவார். பெயர்கள் இல்லாமல் அவர் எந்த வண்டியையும் எழுதியதில்லை. பதிவேட்டில் ஏறாத வண்டிக்கு அங்கே வழங்கிய பெயர் 'பொம்மை'.

கோதண்டபாணியின் வண்டி மூன்று ஆண்டுகளாகப் பொம்மை. மெருகுக்கான கோப்பையை மூன்று முறையும் அதுவே பெற்றது.

முதலாண்டில் ஆட்டுவதற்கு ஆறேழு பேர் தாமாகவே வந்தார்கள். மோதிரத்தைக் கழற்றும்படியும், கைக்கடிகாரத்தைக் கழற்றும்படியும், தாம் தைத்து வைத்திருந்த துணிக் கையுறைகளை அணியும்படியும் அவர் அவர்களைக் கேட்டுக்கொண்டார். இழுவைப் பம்பு வைத்திருந்த கருணாகரன் தம் செருப்பைப் பார்த்தார்.

"இதையும் கழட்டிடட்டுங்களா? சந்நிதிக்கு வந்த மாதிரியே இருக்குதுங்க."

எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். மறு ஆண்டு யாரும் வரவில்லை. அவர் வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார்.

மலைமேலிருந்த ஒரு விடுதியின் மேலாளர் அந்த வண்டியைக் கேட்டிருந்தார். வரவேற்புக் கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால், விளக்கு போட்டு வைப்பதாகச் சொன்னார். நான்காம் ஆண்டும் பதிவேட்டில் ஏறாவிட்டால் கொடுத்துவிடுவதாகக் கோதண்டபாணி வாக்களித்தார். வாக்களித்த அன்று வீட்டுக்கு வந்து, வண்டி போய்விட்டால் முற்றத்தில் என்ன இருக்கும் என்று எண்ணிப் பார்த்தார். துளசி மாடம் இருக்கும். அதில் துளசி இல்லை.

அடுத்த ஞாயிறன்றுதான் அவர் குருவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். 'உண்டு' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஓராண்டு உழைத்துத் தொட்டியின் அடியில் ஒரு சிறிய பெட்ரோல் மோட்டாரைப் பொருத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு பெல்ட்டும் ஒரு வளைதண்டும் பிடிக்கட்டைகளை ஏற்றி இறக்கின. மார்கழியில் ஜெசிந்தாவை அழைத்துவந்து காட்டினார். முற்றத்தில், பிடிப்பவர் இல்லாமல், இரண்டு கட்டைகளும் மாறி மாறி ஏறி இறங்கின.

ஜெசிந்தா நெடுநேரம் பார்த்தார். பெல்ட் சற்றுத் தளர்ந்திருப்பதாகச் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்.

"நீங்கள் எங்கே நிற்பீர்கள், சார்?"

"நான் நிற்கவே தேவையில்லை, அம்மா. குழாய் முனையைப் பிடித்துக்கொண்டால் போதும்."

ஜெசிந்தா தேநீரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

தை மாதத்து இரண்டாம் ஞாயிறு வந்தது. நண்பகலுக்குச் சற்று முன் கோதண்டபாணியின் முறை. அவர் கயிற்றுக்குள் நுழைந்து, குனிந்து, மோட்டாரை முடுக்கினார். கட்டைகள் அசைந்தன. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். முன்வரிசையில் நின்ற சிலர் ஓரடி பின்னால் போனார்கள். தண்ணீர் வளைந்து எழுந்து மணியின்மீது விழுந்தது. மணி இருமுறை ஒலித்தது.

கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

பீர்முகமது பதிவேட்டைத் திறந்தார். வண்டியின் பெயரை எழுதினார். கீழே எட்டுக் கோடுகள் போட்டுப் பேனாவை உயர்த்தினார்.

"ஆட்டினவங்க பேரு சொல்லுங்க, சார்."

கோதண்டபாணி எட்டுக் கோடுகளையும் எண்ணிப் பார்த்தார்.

"மோட்டார்னு போடுங்க பாய்," என்றார் கருணாகரன். "இனிஷியல் மட்டும் கேட்டுக்குங்க."

சிரிப்பு எழுந்தது. பீர்முகமது சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். மணி ஒலித்ததைத் தம் காதால் கேட்டதாகவும், ஆனால் வெற்றுக் கோடுகளுக்குக் கீழே கையெழுத்துப் போடத் தமக்கு வராது என்றும், பொழுது சாயும்வரை அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

கோதண்டபாணி ஓரமாகப் போய் விடுதிக்குத் தொலைபேசினார். ஐந்து மணிக்கு லாரியை அனுப்பலாம் என்றார். பிறகு, சிவப்பு லாரியின் படியில் அமர்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்த குருவிடம் வந்தார்.

"ஒருவரே ஆட்ட வழி உண்டு என்று சொன்னீர்கள்."

"உண்டு."

"அதைத்தானே செய்தேன்?"

ஜெசிந்தா பாத்திரத்தை மூடி வைத்தார். எழுந்து, மைதானத்தைக் கடந்து, கோதண்டபாணியின் வண்டிக்குப் போனார். சுற்றிலும் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். முழங்கையில் சுற்றி, முடிச்சிட்டு, சீடரின் கையில் கொடுத்தார். வண்டியின் அடியில் கைவிட்டுப் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு வலப்பக்கக் கட்டையின் ஓரத்தில் நின்று, வெறுங்கையால் அதைப் பிடித்தார்.

பிடித்தபடி நின்றார்.

அவர் ஏதாவது சொல்வார் என்று கோதண்டபாணி காத்திருந்தார். ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவே இல்லை. வேறு வண்டிகள் முழங்கின. மணி ஒலித்தது, மீண்டும் ஒலித்தது. பெயர்கள் எழுதப்பட்டன. வெயில் சாய்ந்து, கோபுரத்தின் நிழல் வண்டியின் சக்கரத்தைத் தொட்டது. நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணொருத்தி, எட்டுப் பேருக்கான வண்டியின் கட்டையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, மதிய உணவு உண்ணாமல் நின்றாள்.

கோதண்டபாணி கையுறையை எடுக்கப் பைக்குள் கைவிட்டார். எடுக்காமல் கையை வெளியே இழுத்தார். இடப்பக்கத்துக்குப் போய்க் கட்டையைப் பிடித்தார்.

இருவரும் ஆட்டினார்கள். கட்டை அரையடி இறங்கியது. குழாய் முனையிலிருந்து தண்ணீர் ஒழுகித் தரையை நனைத்தது. சற்று நேரம் கழித்து, பீர்முகமது வந்து தரையில் கிடந்த முனையை எடுத்தார். அதை மணியை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐந்து மணிக்கு விடுதியின் லாரி வந்தது. ஓட்டுநரும் சுமை ஏற்றுவோர் இருவரும் இறங்கினார்கள். ஏற்ற வேண்டிய பொருளை இரண்டு பேர் வியர்க்க வியர்க்க ஆட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றார்கள்.

"ஏனுங்க, இதைத்தான் ஏத்தோணுமா?" என்றார் ஓட்டுநர்.

கோதண்டபாணிக்கு மூச்சு வாங்கியது. ஆம் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

"இது என்னத்துக்குங்க ஆட்டறது?" என்றார் சுமை ஏற்றுவோருள் மூத்தவர்.

"அந்த மணி ஒலிக்க வேண்டும்."

அவர் மணியை அண்ணாந்து பார்த்தார். கையில் எண்ணெய் படிந்திருந்தது. வேட்டியில் துடைத்தார், முழுவதும் போகவில்லை. அந்தக் கையோடு கோதண்டபாணியின் அருகில் வந்து கட்டையைப் பிடித்தார். மற்றவர் ஜெசிந்தாவின் பக்கம் போனார். ஓட்டுநர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு அதே கட்டையில் அவருக்கு அடுத்த இடத்தைப் பிடித்தார்.

ஐவராக ஆட்டினார்கள். கட்டைகள் முழுவதுமாக ஏறி இறங்கின. தண்ணீர் எழுந்தது, கோபுரத்தின் பாதி உயரம் வரை போயிற்று, முக்கால் உயரம் வரை போயிற்று. அங்கேயே நின்று, மஞ்சள் வெயிலில் சிதறி விழுந்தது. தொட்டி காலியாகும்வரை ஆட்டினார்கள். மணி நனையவே இல்லை.

அதற்குள் மற்ற வண்டிகள் புறப்பட்டுவிட்டன. கருணாகரன் தம் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "பொம்மை அழுவுது பாய்," என்று சொல்லிவிட்டு, வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

பீர்முகமது பதிவேட்டைக் கொண்டுவந்தார். எட்டுக் கோடுகளும் காலியாக இருந்தன. நண்பகலில் எழுதியதை அடித்துவிடும்படி கோதண்டபாணி கேட்டுக்கொண்டார். பீர்முகமது அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டியின் பெயரின்மீது நேராக ஒரு கோடு இழுத்துப் பதிவேட்டை மூடினார்.

விடுதிக்காரரிடம் தாமே பேசிக்கொள்வதாகக் கோதண்டபாணி ஓட்டுநரிடம் சொன்னார். வெறும் லாரியாகவா திரும்புவது என்று ஓட்டுநர் முணுமுணுத்தார். மூத்தவர் தம் உள்ளங்கைகளைப் பார்த்து, "பிசினாட்டம் ஒட்டுதுங்க," என்று சொல்லி மீண்டும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். லாரி போயிற்று. பீர்முகமதுவும் போனார்.

மைதானத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

கோதண்டபாணி குனிந்து கட்டைகளைப் பார்த்தார். ஐந்து இடங்களில் வார்னிஷ் வெடித்துச் சுருண்டிருந்தது. ஈரத்தில் ஊறிய மரத்தூள் உதிர்ந்து, பழைய குழிகள் தெரிந்தன. ஓரிடத்தில் எண்ணெய்க் கை பதிந்திருந்தது. மற்ற மூன்று இடங்களிலும் முகம் தெரியும் அளவுக்கு மெருகு அப்படியே இருந்தது.

ஜெசிந்தா சிவப்பு லாரியில் ஏறி எஞ்சினை முடுக்கினார். கோதண்டபாணி லாரியின் அருகில் வந்தார்.

"அவர்கள் ஏற்றிச்செல்ல வந்தவர்கள், அம்மா. இனி வர மாட்டார்கள்."

"வர மாட்டார்கள்."

"அடுத்த ஆண்டு வேறு யாரும் வராமல் போனால்?"

ஜெசிந்தா எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து, சீடரின் வலக்கையைப் பற்றி, இடப்பக்கக் கட்டையில் அவர் மாலைவரை பிடித்திருந்த குழிக்குள் வைத்தார். கை அதில் பொருந்தியது.

"இங்கே நில்லுங்கள்" என்றார் குரு.